கறி, மீன், பால் எல்லாவற்றையும் விட்டுவிட்டாள் மகள்: பல்கலைக்கழகத்தில் பிள்ளைகளை மாற்றுவது எது?

உட்லண்ட்ஸ் அம்மா (வெள்ளி, இரவு 10.52)

வணக்கம். இங்கே மாணவர்களும் படித்து முடித்தவர்களும் நிறையப் பேர் இருப்பதால் கேட்கிறேன். என் மகள் இங்கே சிங்கப்பூரில் பல்கலைக்கழகத்தில் 2ஆம் ஆண்டு, விடுதியில் தங்கிப் படிக்கிறாள். போன வாரம் இடைவிடுமுறைக்கு வீட்டுக்கு வந்தாள். அவளுக்குப் பிடிக்குமே என்று தேக்கா சந்தைக்குப் போய் வஞ்சிரம் வாங்கி, முதல் நாள் இரவே குழம்பு வைத்துவிட்டேன், மறுநாள்தான் அந்தக் குழம்புக்கு ருசி என்று அவளே சொல்லுவாள். வந்தவள் தட்டில் சோறும் முட்டைக்கோஸ் பொரியலும் மட்டும் போட்டுக்கொண்டாள். கேட்டால், "நாலு மாதமாக மீன், கறி, முட்டை எதுவும் சாப்பிடுவதில்லை அம்மா, பாலும் விட்டுவிட்டேன்" என்கிறாள். தயிரைக்கூடத் தொடவில்லை.

எனக்குக் கோபம் இல்லை. நாலு மாதம் எனக்குத் தெரியாமல் போயிருக்கிறதே என்பதுதான் உறுத்துகிறது. ஏன் என்று கேட்டால் "நானே யோசித்து எடுத்த முடிவு" என்பதற்கு மேல் பேச்சு வரவில்லை, நானும் தோண்டவில்லை.

இது சரியா தவறா என்ற விவாதம் எனக்கு வேண்டாம். இந்த வயதுப் பிள்ளைகளை இந்தப் பக்கம் திருப்புவது எது? நண்பர்களா, கைப்பேசியில் பார்க்கும் காணொளிகளா, வகுப்பில் ஏதும் சொல்லித்தருகிறார்களா, காசா? நீங்கள் மாறியவர் என்றால் உங்கள் கதையைச் சொல்லுங்கள்.

கிளமெண்டிக்காரன் (வெள்ளி, இரவு 11.20)

ஆன்டி, என் விஷயத்தில் காசு. வளாகத்தில் எகானமி ரைஸ் கடையில், அதாவது சோற்றோடு வேண்டியதைக் கைகாட்டி எடுக்கும் கடையில், இரண்டு காயும் தௌ குவாவும் (சோயாவில் செய்த கெட்டித் தவ்வு, டோஃபு) போட்டால் 3 வெள்ளி (டாலர்) சொச்சத்தில் முடிந்துவிடும். ஒரு காயை எடுத்துவிட்டுக் கோழி கேட்டால் ஒரு வெள்ளிக்கு மேல் ஏறும். மீனைக் கைகாட்டினால் எவ்வளவு என்று கல்லாவில் சொல்லும்வரை யாருக்கும் தெரியாது. 2022 ஜூன் மாதம் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது நினைவிருக்கும், அப்போது நாம் சாப்பிட்ட கோழியில் மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. நான் பல்கலைக்கழகத்தில் சேரக் காத்திருந்த நேரம் அது. வீட்டில் அம்மா வாரத்தில் மூன்று நாள் கோழி இல்லாமல் சமைக்கத் தொடங்கினார், நாக்குக்குப் பழகிவிட்டது.

நான் முழுதாக விட்டவன் இல்லை, வீட்டுக்குப் போனால் ஆட்டுக்கறி சாப்பிடுவேன். வாரநாள்களில் மட்டும் காய், பருப்பு, தௌ குவா. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இறைச்சி போலவே இருக்கும் தாவர பர்கர்கள், அந்த இம்பாசிபிள் 2019இல் இங்கே வந்தபோது பெரிய பேச்சாக இருந்தது. விலையைப் பார்த்தால் மாணவன் வாரம் மூன்று முறை வாங்கிச் சாப்பிடுகிற பொருள் இல்லை. என் வட்டத்தில் அதைச் சாப்பிட்டு மாறியவர் ஒருவரும் இல்லை.

முன்னாள் விடுதிவாசி (வெள்ளி, இரவு 11.58)

அக்கா, எனக்கு உங்கள் மகளைப் போலவே 2ஆம் ஆண்டில்தான் ஆயிற்று. என்னை மாற்றியது என் அறைத்தோழி, ஆனால் அவள் ஒருநாளும் என்னிடம் மாறு என்று சொன்னதில்லை.

அவள் மலேசியாவின் ஈப்போவிலிருந்து வந்த சீனப் பெண், பௌத்தக் குடும்பம். சந்திர மாதத்தின் முதல் நாளும் 15ஆம் நாளும் கறி சாப்பிடமாட்டாள். எனக்கு முதலில் அது விளங்கவில்லை, அப்புறம் ஒருநாள் நாள்காட்டியைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, நமக்கு அமாவாசை, பௌர்ணமி எதுவோ ஏறத்தாழ அதே நாள்கள். எங்கள் பாட்டி விரதம் இருக்கும் நாளில் இவளும் விரதம். அதைச் சொன்னதும் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். அந்த நாள்களில் அவளோடு சேர்ந்து நானும் சீனச் சைவக் கடைக்குப் போகத் தொடங்கினேன். காலையில் சைவ பீ ஹூன் (அரிசி சேமியா), மேலே பொரித்த தவ்வுத்தோல், கொஞ்சம் முட்டைக்கோஸ், மிளகாய் அரைத்தது. அதுவரை இந்த ஊரில் சைவம் என்றால் எனக்குத் தேக்காவில் தோசையும் சாப்பாடும்தான், கோமள விலாஸ் 1947இலிருந்து இருக்கிறது, அதைத் தாண்டி நான் யோசித்ததே இல்லை. 20 வருடம் இந்த ஊரில் வளர்ந்து, பல சாப்பாட்டுக் கடைகள் சேர்ந்திருக்கும் ஒவ்வொரு காப்பிக்கடையிலும் ஒரு சைவக் கடை இருக்கக்கூடும் என்பதைக் கவனிக்காமலே இருந்திருக்கிறேன்.

மாதம் இரண்டு நாள் நான்கானது. விடுதிச் சிற்றறையில் இருவருமாகச் சமைக்க ஆரம்பித்தோம், ஒரே ஒரு மின்சார அடுப்பு, ஃபேர்பிரைஸ் பேரங்காடியில் வாங்கிய தெம்பே (சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் கட்டி), வீட்டிலிருந்து கொண்டுவந்த சாம்பார்ப் பொடி. அவள் பூண்டு, வெங்காயமும் சேர்க்கமாட்டாள், நான் பெருங்காயம் போட்டுக் காட்டினேன், அதிலிருந்து அவள் வீட்டுக்கும் பெருங்காயம் போகிறது. ஒரு பருவம் முடிந்தபோது கடைசியாக எப்போது கோழி சாப்பிட்டேன் என்று எனக்கே நினைவில்லை.

ஒருவர் வந்து உயிர்வதை, புவி வெப்பமடைதல் என்று பேசியிருந்தால் நான் வாக்குவாதம் செய்திருப்பேன், எனக்கு என்னைத் தெரியும். பக்கத்தில் ஒருத்தி அமைதியாக, நன்றாக, சந்தோஷமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

பூன்லே பையன் (சனி, காலை 12.31)

எனக்குக் காணொளி. இறைச்சிக்கூடத்தில் கோழிகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டு ஓடவிடும் காட்சி, நள்ளிரவில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தபோது தானாக வந்தது. அன்றே விட்டுவிட்டேன். மூன்று வாரம் தாக்குப்பிடித்தேன். தேர்வு வாரம் வந்தது, இரவு 11 மணிக்குப் பசித்தால் கடையில் முட்டை பரோட்டாவும் மேகி கோரிங்கும்தான், பழையபடி ஆகிவிட்டேன். அந்தக் காட்சி இன்னும் மனதில் இருக்கிறது, ஆனால் பசி வேறு விஷயம்.

ஆய்வு மாணவி (சனி, காலை 9.05)

பூன்லே பையன் சொன்னதைத்தான் நான் சார்ந்த துறையில் பல ஆண்டுகளாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒருவர் ஒரு செயலைச் செய்வாரா என்று கணிக்க, ஐசக் ஐசன் என்ற உளவியலாளர் 1991இல் எழுதிய கோட்பாடு ஒன்றை உணவு ஆய்வுகளில் அடிக்கடி எடுத்தாளுவார்கள். அந்தச் செயலைப் பற்றி நாம் என்ன நினைக்கிறோம், நமக்கு வேண்டியவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கருதுகிறோம், அது நம்மால் முடிகிற காரியம்தான் என்ற தெம்பு இருக்கிறதா, இந்த மூன்றும் சேர்ந்துதான் எண்ணம் உருவாகிறது என்பது சுருக்கம். காணொளி முதலாவதை மட்டும் ஒரே அடியில் மாற்றிவிடுகிறது. இரவு 11 மணிக்கு எந்தக் கடை திறந்திருக்கிறது என்பதை அதனால் மாற்ற முடியாது.

அதற்காக வாதத்துக்குப் பலனே இல்லை என்று நினைக்க வேண்டாம். கலிபோர்னியாவில் ரிவர்சைட் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. 1,332 மாணவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு இறைச்சி உண்பதன் அறம் பற்றி ஒரு கட்டுரை, 50 நிமிடக் கலந்துரையாடல், விரும்பினால் ஒரு காணொளி. மறு பாதிக்கு ஈகை பற்றி. பிறகு வளாக உணவகங்களின் ரசீதுகளை எடுத்துப் பார்த்தார்கள். மாணவர்களையே கேட்டால் நல்லபிள்ளையாகப் பதில் சொல்லிவிடுவார்கள், ரசீது அப்படிச் சொல்லாது, எனக்கு அந்த ஆய்வு பிடித்ததற்கு அதுதான் காரணம். இறைச்சி பற்றிப் பேசிய குழுவில், இறைச்சி இருந்த உணவின் பங்கு 52 விழுக்காட்டிலிருந்து 45க்கு இறங்கியது. மற்றக் குழுவில் 52 அப்படியே நின்றது. ஒரே ஒரு வகுப்புக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் இதையும் பாருங்கள். கேம்பிரிட்ஜில் மூன்று கல்லூரி உணவகங்களில் 94,000க்கும் மேற்பட்ட சாப்பாடுகளை வைத்து ஓர் ஆய்வு, 2019இல் வந்தது. அங்கே யாருக்கும் பாடம் எடுக்கவில்லை, அறிவிப்புப் பலகைகூட வைக்கவில்லை. நான்கு வகை உணவில் ஒன்று சைவமாக இருந்ததை இரண்டாக்கினார்கள். சைவ உணவின் விற்பனை ஓரிடத்தில் 41, இன்னோரிடத்தில் 79 விழுக்காடு என்று கூடியது. மதியம் விட்டதை இரவில் பிடித்துவிட்டார்களா என்று தேடியும் அதற்குப் பெரிதாக ஆதாரம் இல்லை. அதிகம் மாறியது, அதுவரை மிகக் குறைவாகச் சைவம் வாங்கியவர்கள்.

அக்கா, உங்கள் கேள்விக்கு என் பதில்: மனம் மாறுவதற்குக் காரணம் ஆளுக்கு ஆள் வேறு. மாறிய மனம் ஆறு மாதம் கழித்தும் அப்படியே இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான், பக்கத்தில் என்ன கிடைக்கிறது, யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறோம் என்பது. உங்கள் மகள் நாலு மாதம் தாக்குப்பிடித்திருக்கிறாள் என்றால் அவள் சாப்பிடும் இடத்தில் நல்ல கடை ஒன்றும் கூட ஒரு ஆளும் இருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

பூன்லே பையன் (சனி, காலை 9.40)

சரிதான். என் விடுதியில் இரவுச் சாப்பாட்டுக்குச் சைவ வரிசை உண்டு, ஆனால் ஆய்வுக்கூடம் முடிந்து எட்டு மணிக்குப் போனால் பாத்திரம் காலியாக இருக்கும். காசோ மாதாமாதம் கட்டாயமாகக் கட்டிவிட்டோம். வெறும் சோறும் சாறும் எத்தனை நாள் சாப்பிடுவது?

இரும்புத் தட்டு (சனி, காலை 10.17)

நான் தேசிய சேவையிலிருந்தே (கட்டாய ராணுவப் பணி) உடற்பயிற்சி செய்கிறவன், இப்போது 3ஆம் ஆண்டு. ஆண் பிள்ளைகள் தயங்குவதற்கு முதல் காரணம் புரதம், இரண்டாவது கேலி. புரதத்துக்குப் பதில் இருக்கிறது. 100 கிராம் தெம்பேவில் சுமார் 20 கிராம் புரதம், விலையும் கோழி நெஞ்சுக்கறியைவிடக் குறைவு, ஜாவாவில் காலம் காலமாகச் சாப்பிடுகிற பொருள். தௌ குவா, சோயா பால், கொண்டைக்கடலை, பாசிப்பயறு இருக்கின்றன. என் எடைத் தூக்கல் கணக்கு குறையவில்லை.

கேலி வேறு. கூடச் சேர்ந்து தூக்குகிறவர்கள் ஒரு மாதம் விடாமல் கேட்டார்கள், இலையும் தழையும் தின்று என்ன தூக்கப்போகிறாய் என்று. அந்த மாதத்தில்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். அப்போது எனக்குத் துணையாக நின்றது எனக்கு முன்பே மாறியிருந்த ஒரு சீனியர், அவர் என்னைவிட அதிகம் தூக்குவார்.

ஆன்டி, ஒரு விஷயம் கட்டாயம்: வைட்டமின் பி12. அது தாவரங்களில் கிடையாது. உடலில், முக்கியமாகக் கல்லீரலில், சேர்த்துவைத்திருப்பது சில வருடங்களுக்கு வரும் என்பதால் குறைவது உடனே தெரியாது, தெரியும்போது நரம்புகளைத் தொட்டிருக்கும். மாத்திரை மலிவு. பி12 சேர்த்த சோயா பாலும் உண்டு, டப்பாவின் பின்பக்கத்தைப் படித்து வாங்கச் சொல்லுங்கள். இரும்புச் சத்தையும் இரத்தப் பரிசோதனையில் பார்த்துக்கொள்வது நல்லது, பெண் பிள்ளைகளுக்கு இன்னும் முக்கியம்.

உட்லண்ட்ஸ் அம்மா (சனி, மதியம் 1.48)

எல்லாருக்கும் நன்றி. எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். தம்பி, பி12 பற்றிக் குறித்துக்கொண்டேன்.

கறியும் மீனும் வேண்டாம் என்பது எனக்குப் புரிகிறது. புரட்டாசி முழுக்க நாங்களே சாப்பிடுவதில்லை. எனக்குப் புரியாதது பால். பசுவைக் கொல்லவில்லையே? சாமிக்கே பாலாபிஷேகம் செய்கிறோம். அவள் பிறந்ததிலிருந்து தினமும் ஒரு டம்ளர் பால் கொடுத்து வளர்த்திருக்கிறேன், இப்போது அதை வேண்டாம் என்றால் ஏதோ நான் தப்பாகக் கொடுத்துவிட்டது போல இருக்கிறது.

ஜூரோங் மகள் (சனி, மதியம் 3.30)

அம்மா என்றே கூப்பிடுகிறேன், உங்கள் கடைசி வரியைப் படித்ததும் என் அம்மா ஞாபகம் வந்துவிட்டது. நீங்கள் எதையும் தப்பாகக் கொடுக்கவில்லை. பாலை விடுவது எனக்கும் கறியை விட்டதைவிடப் பல மடங்கு கஷ்டமாக இருந்தது. கறியை வேண்டாம் என்றால் நம் ஆட்கள் "விரதமா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். உறவினர் வீட்டில் தேநீரை வேண்டாம் என்றால் அவர்கள் முகம் வாடிவிடுகிறது. பொங்கலன்று பால் பொங்கும்போது நானும் பக்கத்தில் நின்று "பொங்கலோ பொங்கல்" சொல்கிறேன், அதில் எனக்கு மாற்றமில்லை, குடிப்பது மட்டும் இல்லை.

பால் ஏன் என்பதற்கு இரண்டு காரணம் சொல்வார்கள். ஒன்று, பசு கன்று ஈன்றால்தான் பால் கொடுக்கும், பெரிய பண்ணைகளில் கன்றைப் பிறந்த கொஞ்ச நேரத்திலோ சில நாளிலோ பிரித்துவிடுகிறார்கள், காளைக்கன்றால் பால் பண்ணைக்கு உபயோகம் இல்லை, அதனால் அது இறைச்சிக்குத்தான் போகிறது. ஊரில் தாத்தா வீட்டுப் பசுவை நினைத்துக்கொண்டு நாம் பேசுகிறோம், இங்கே கடையில் வாங்கும் பால் அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வருவதில்லை.

இரண்டாவது சுற்றுச்சூழல். இதுதான் என்னை உண்மையில் மாற்றியது. நம் இந்து வீடுகளில் பலர் மாட்டிறைச்சியை ஏற்கெனவே சாப்பிடுவதில்லை, அதனால் புவி வெப்பத்துக்கும் நமக்கும் சம்பந்தம் இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆக்ஸ்ஃபர்ட் ஆய்வாளர் ஒருவரும் இன்னொருவரும் சேர்ந்து 2018இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை வகுப்பில் படித்தோம், உலகப் பசுமை இல்ல வாயுவில் சுமார் 26 விழுக்காடு உணவிலிருந்து வருகிறது என்று சொன்ன ஆய்வு. அதில் 100 கிராம் புரதத்துக்கு எவ்வளவு வாயு என்று ஒரு கணக்கு இருக்கும். மாட்டிறைச்சிக்கு அடுத்து ஆட்டிறைச்சி, பண்ணை இறால் எல்லாம் வரும். அப்புறம் பார்த்தால் பாலாடைக்கட்டி கோழியைவிட ஏறத்தாழ இருமடங்கு. தவ்வு அதற்கெல்லாம் கீழே, பட்டாணி இன்னும் கீழே. நான் அப்போது கோழியை விட்டுவிட்டு சீஸ் பரோட்டாவும் பனீரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், நல்லது செய்கிறேன் என்ற நம்பிக்கையோடு. அன்று இரவே கணக்குப் போட்டுப் பார்த்து பாலையும் விட்டேன்.

இன்னொரு சின்ன விஷயம். கிழக்காசிய வம்சாவளியினரில் பெரும்பாலோருக்கு வளர்ந்த பிறகு பால் சர்க்கரை சரியாகச் செரிக்காது. அதனால் இந்த ஊரில் பால் குடிக்காமல் இருப்பது யாருக்கும் விசித்திரம் இல்லை, சோயா பால் எல்லாக் கடையிலும் இருக்கிறது. காப்பிக்கடையில் "கோப்பி ஓ" என்று சொன்னால் போதும், பால் இல்லாமல் வரும். தமிழ் வீட்டுக்கு உள்ளே வந்தால்தான் அது பெரிய கேள்வியாகிறது.

தோ பாயோ வாசகி (சனி, மாலை 5.12)

ஒரு விஷயத்தை யாரும் தொடவில்லை, நான் சொல்லிவிடுகிறேன். எனக்கு இந்தச் "சைவம்" என்ற சொல்லே சிக்கல். சின்ன வயதில் பள்ளித் தோழி ஒருத்தியின் வீட்டுக்கு விளையாடப் போனபோது, நாங்கள் கறி சாப்பிடுகிறவர்கள் என்பதால் எனக்கு வேறு தட்டு, வேறு டம்ளர். எனக்கு அப்போது புரியவில்லை, அப்பாவிடம் வந்து சொன்னேன், அவர் முகம் போன போக்கு இன்னும் நினைவிருக்கிறது. பல்கலைக்கழகத்தில் நான் மாறியபோது அவர் கேட்ட கேள்வி, "கறி தின்கிறோம் என்று நம்மை ஒதுக்கினார்கள், இப்போது நீயே அவர்கள் பக்கம் போய் நிற்கிறாயா?" எனக்குப் பதில் சொல்ல வாயே வரவில்லை.

ஒரு வருடம் ஆயிற்று அவருக்கு விளக்க. தட்டு சுத்தம், ஆள் சுத்தம் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, யாருடைய தட்டையும் நான் குறைவாகப் பார்க்கவில்லை, ஒரு கோழி கூண்டுக்குள் வாழும் விதம்தான் எனக்குப் பிரச்சினை என்று. அதனால் நான் "தாவர உணவு" என்றுதான் சொல்கிறேன். நம் பிள்ளைகளில் சிலர் இந்தப் பக்கம் வரத் தயங்குவதற்கு இந்தப் பழைய காயமும் ஒரு காரணம், ஆய்வுகளில் இதைக் கேட்பார்களா தெரியவில்லை, கேட்க வேண்டும்.

ஆய்வு மாணவி (சனி, மாலை 5.40)

அக்கா, நான் படித்த எந்த வினாத்தாளிலும் இதைக் கேட்கவில்லை. கேட்காதது பெரிய குறை. நன்றி.

காவடி 9 ஆண்டு (சனி, இரவு 8.03)

தோ பாயோ வாசகி சொன்னதை மறுக்கவில்லை, தங்கச்சி பட்ட வலி எனக்குப் புரிகிறது, எங்கள் குடும்பத்துக்கும் அது புதிதில்லை. ஆனால் எனக்குக் கதவைத் திறந்தது விரதம்தான், அதையும் பதிவு செய்ய வேண்டும். முதலாம் ஆண்டில் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்க 48 நாள் விரதம். விடுதியில், ஆய்வுக்கூடத்தில், நண்பர்கள் பிறந்தநாளில் எல்லாம் எப்படிச் சமாளிப்பது என்று அந்த 48 நாளில் கற்றுக்கொண்டுவிட்டேன். எந்தக் கடையில் காய்கறிக்குச் சிப்பிச் சாறு ஊற்றுவார்கள், எந்தக் கங்கோங் கீரையில் பெலாச்சான் (இறால் விழுது), எந்தச் சூப்பில் நெத்திலி, எந்த நூடல்ஸில் பன்றிக் கொழுப்பு, எல்லாம் மனப்பாடம். 49ஆம் நாள் கோழிச் சோறு வாங்கினேன், பாதிக்கு மேல் இறங்கவில்லை. அப்படியே தொடர்ந்துவிட்டேன். பக்தியில் தொடங்கியது, இன்று விலங்குகளை நினைத்துத்தான் தொடர்கிறேன், முருகன் கோபித்துக்கொள்ளமாட்டார் என்று நம்புகிறேன்.

விரதம் இருந்து பழகிய பிள்ளைக்கு "என்னால் முடியுமா" என்ற கேள்வி பாதி தீர்ந்துவிட்டது. ஆய்வு மாணவி சொன்ன மூன்றாவது விஷயம் அதுதானே?

பெடோக் சகோதரி (சனி, இரவு 9.26)

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். எங்கள் வீட்டில் கறி இல்லாத பெருநாள் கிடையாது, நான் பிரியாணியை விடப்போவதும் இல்லை. ஆனால் வாரநாள்களில் நான் சாப்பிடுவது முழுக்கத் தாவர உணவாகிவிட்டது, அதற்குக் காரணம் என் குழு வேலை நண்பர்கள். ஐந்து பேர். நான் ஹலால் பார்ப்பேன். ஒருத்தன் இந்து, மாட்டிறைச்சி சாப்பிடமாட்டான். ஒருத்தியின் அம்மா குவான் யின் என்ற பௌத்தப் பெண் தெய்வத்தின் பக்தை, அதனால் அவளுக்கும் மாட்டிறைச்சி ஆகாது. ஒருத்தி ராஜஸ்தானிலிருந்து வந்த ஜைனப் பெண், உருளைக்கிழங்கு, வெங்காயம்கூட இல்லை. ஐந்தாமவன் எதையும் சாப்பிடுவான். ஒரே மேசையில் உட்கார்ந்து ஒன்றைப் பகிர்ந்து சாப்பிட வேண்டும் என்றால் வேறு வழி என்ன? எல்லாரும் சேர்ந்து சாப்பிடக்கூடியதாகத் தட்டில் மிஞ்சியது காய், பருப்பு, தவ்வு.

எனக்கு ஒரு சங்கடம் உண்டு. சீனச் சைவக் கடை எல்லாவற்றுக்கும் ஹலால் சான்றிதழ் இருக்காது, சமையல் மதுவோ பாத்திரமோ என்ற கேள்வி வரும். அதனால் இந்தியச் சைவக் கடையோ, மலாய்க் கடையில் காடோ காடோவோ (காய்களின் மேல் நிலக்கடலைச் சாறு), சாயூர் லோடேவோ (தேங்காய்ப்பாலில் வெந்த காய்) பார்த்து வாங்குவேன், அதிலும் காய்ந்த இறால் போட்டிருக்கிறார்களா என்று தோழிக்காகக் கேட்டுக்கொள்வேன். வளாகத்தில் ஹலால் சான்றிதழோடு ஒரு நல்ல தாவர உணவுக் கடை வந்தால் என்னைப் போன்ற எத்தனையோ பேர் போவோம்.

கிளமெண்டிக்காரன் (சனி, இரவு 9.44)

சகோதரி சொல்வது சரி. எங்கள் குழுவும் மாலா கடைக்கு, அதாவது நாம் எடுப்பதை எடைபோட்டுக் காரமாகச் சமைத்துத் தரும் சீனக் கடைக்கு, போனால் கறி எடுக்காத பெட்டி ஒன்று, கறியோடு ஒன்று என்று தனியாக எடை போடச் சொல்லும். அங்கே காய்க்கும் கறிக்கும் எடைக்கு வேறு வேறு விலை, எங்கள் பெட்டி எப்போதும் மலிவு. கறி எடுக்கிறவர்களே இப்போது எங்கள் பெட்டியில் கைவைக்கிறார்கள்.

உட்லண்ட்ஸ் அம்மா (ஞாயிறு, இரவு 9.15)

இன்று மாலை மகளோடு தொலைபேசியில் ஒரு மணி நேரம் பேசினேன். உங்கள் எல்லாருடைய கதையையும் சொன்னேன், பெயர் சொல்லாமல். அதற்கப்புறம்தான் அவளே வாய் திறந்தாள்.

ஒரு பாடத்தில் ஒரு வாரம் என்னென்ன சாப்பிடுகிறோம் என்று எழுதிக்கொண்டு வரச் சொன்னார்களாம். 21 வேளையில் 17 வேளை கறியோ மீனோ முட்டையோ இருந்ததாம். "அம்மா, அதில் இரண்டு மூன்றைத் தவிர எதையும் நான் ஆசைப்பட்டுக் கேட்கவில்லை, முன்னால் இருந்தது, எடுத்தேன். எனக்கு வேண்டும் என்றுகூட நினைக்காமல் ஒரு உயிரைச் சாப்பிட்டிருக்கிறேன் என்று தோன்றியது" என்றாள். அப்புறம் மதியச் சாப்பாட்டுக்குப் போகும் தோழிகளில் இருவர் ஏற்கெனவே சைவக் கடையில் சாப்பிடுகிறவர்கள், அவர்களோடு சேர்ந்துகொண்டாள். ஆய்வு மாணவி சொன்னது போல நல்ல கடையும் கூட ஆளும் இருந்திருக்கிறார்கள். பி12 மாத்திரை இரண்டாம் மாதத்திலிருந்தே எடுக்கிறாளாம், என்னைவிட அவளுக்கு விவரம் தெரிந்திருக்கிறது.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "நான் வருகிறேன் என்றால் நீ முதல் நாளே குழம்பு வைத்துவிடுவாய். அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை அம்மா" என்றாள். நானும் அழுதுவிட்டேன், அவளும்.

இரண்டு வாரத்தில் மறுபடி வருகிறாள். எனக்கு ஒரு உதவி வேண்டும். மீன் குழம்பு மசாலா அப்படியே இருக்கட்டும், புளியும் வெந்தயமும் கடைசியில் நல்லெண்ணெயும், முதல் நாளே வைத்து மறுநாள் சாப்பிடுகிற மாதிரி. மீனுக்குப் பதில் எதைப் போட்டால் கரையாமல் நிற்கும்? கத்தரிக்காய் குழைந்துவிடுகிறது.

முன்னாள் விடுதிவாசி (ஞாயிறு, இரவு 9.50)

அக்கா, சேனைக்கிழங்கு. விரல் பருமனுக்குத் தட்டையாக, மீன் துண்டு மாதிரியே நறுக்கி, புளித்தண்ணீரில் மஞ்சளும் உப்பும் போட்டு முக்கால் பதம் வேகவைத்து வடித்துவிடுங்கள், அப்போதுதான் நாக்கு அரிக்காது. மிளகாய்த்தூள் பிரட்டித் தோசைக்கல்லில் இருபக்கமும் சிவக்கவிட்டு, குழம்பு கொதித்து எண்ணெய் பிரிந்த பிறகு கடைசியில் போடுங்கள். மறுநாள் எடுத்தாலும் துண்டு துண்டாக நிற்கும், புளியும் உள்ளே இறங்கியிருக்கும். தேக்காவில் வெட்டிய துண்டாகவே கிடைக்கும், காலையில் போனால் நல்லதாகப் பார்த்து எடுக்கலாம்.

இரும்புத் தட்டு (ஞாயிறு, இரவு 10.02)

கூடவே தெம்பேவைச் சதுரமாக வெட்டிப் பொரித்து அதே குழம்பில் போட்டுப் பாருங்கள் ஆன்டி, சேனையில் புரதம் குறைவு.

உட்லண்ட்ஸ் அம்மா (ஞாயிறு, இரவு 10.20)

இரண்டையுமே போடுகிறேன். அவள் வருவதற்கு முன்னால் வீட்டில் ஒருமுறை வைத்துப் பார்த்துவிட வேண்டும், வியாழக்கிழமை காலை தேக்காவுக்குப் போகிறேன்.